எல்லாரும் ஏறியாச்சோ?

ஒரு ரீச்சர் செய்யாத பிழைக்காக, அவர் அங்கே இருக்கும்போதே, பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று நான் மன்னிப்புக் கேட்டேன். பிழை என்னுடையது. மன்னிப்புக் கேட்டது அவருடைய பேரில். கூட்டம் முடிந்து போகும்போது இரண்டொரு தகப்பன்மார் என் கையைப் பிடித்து, "உங்களைப் போலப் பெரிய மனசு ஆருக்கு வரும் சேர்" என்றார்கள். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். இனி அந்த ரீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிழை செய்தவனுக்குச் சிரிப்பு வரக்கூடாதுதான். என்ன செய்ய, ஆள் அப்படி.

அப்போது நான் திருகோணமலை உள்துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஆரம்பப் பாடசாலையில் அதிபர். ஒரே நீட்டு மண்டபம். இடுப்பளவு சுவர்களை எழுப்பி அதை வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் கணக்குக் கொடுத்தால் நாலாம் வகுப்பில் விடை வரும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எல்லா வகுப்பும் ஒன்றாக ஊதும். மண்டபத்தின் கடற்பக்க மூலையில் இருந்தது இரண்டாம் வகுப்பு. பெயருக்குத்தான் வகுப்பு. உண்மையில் அது ஒரு பஸ்.

மேசை கதிரைகளை இரண்டிரண்டாகப் போட்டு நடுவில் நடைபாதை விட்டிருப்பார் ரீச்சர். காலையில் மணி அடித்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று வாசலில் தொங்குவார்.

"உப்புவெளி, நிலாவெளி, ஏறு ஏறு ஏறு! பின்னுக்குப் போ! பின்னுக்கு இடம் கிடக்கு, எல்லாரும் ஏன் முன்னுக்கு நிக்கிறியள்? தம்பி, நீ என்ன வாசல்ல வீடு கட்டப்போறியோ?"

ரிக்கற் ஒரு வேப்பிலை. கரும்பலகையில் இருக்கும் ஒரு சொல்லை வாசித்தால் கிடைக்கும். ஓர்ஸ் ஹில் ஏற்றம் வந்தால் பஸ் இழுக்காது. எல்லாரும் சேர்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னால்தான் ஏறும். ஏறி முடிந்தால் இறக்கம். இறக்கத்தில் அத்தனை பிள்ளைகளும் கத்திக்கொண்டு முன்னால் சரிவார்கள். நாலாம் வகுப்பு ஆசிரியை ஒருநாள் என்னிடம் முறைப்பாட்டோடு வந்தார்.

"சேர், அவ பிறேக் பிடிக்கேக்க என்ர வகுப்பும் சேர்ந்து சரியுது. நேற்று நானும் சரிஞ்சு போனன்."

ரீச்சரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவர் கவலையோடு தலையை ஆட்டி, "ஓம் சேர், வளைவுகளில மெல்லமாப் போறன்" என்றார்.

அவருக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பாடக்குறிப்பு ஒருநாளும் நேரத்துக்கு எழுதித் தந்ததில்லை. உப்புவெளியிலிருந்து உண்மையான பஸ்ஸில் வந்து, உண்மையாகவே பிந்தி, ஈரத் தலையோடு ஓடிவருவார். மெதுவாகக் கதைக்கத் தெரியாது. இரகசியம் சொன்னால் வாசலில் நிற்கும் காவலாளி பதில் சொல்லுவார். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டவுனுக்குள் திரிவது எங்களுக்குப் புதிதல்ல. அவற்றில் கிழட்டு ஆண்மான் ஒன்று எங்கள் முற்றத்துக்கும் வரும். அதைக் கண்டால் வகுப்பை நிறுத்திவிட்டு, "ஐயா, கொம்பை உள்ள எடுங்கோ, மற்ற ஆக்களுக்குக் குத்தும்" என்பார். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் எனக்கும் விழும்.

"சேர், ஒண்டில் ஏறுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ. மிதிபலகையில நிக்கக் கூடாது."

நான் ஒருநாளும் ஏறவில்லை.

அந்த பஸ்ஸில் மூன்று பேருக்குச் சீசன் ரிக்கற் இருந்தது. வாசிக்க வராத மூன்று பேர். கஜன் கடற்கரையில் இருந்து வருகிறவன், மீன்பிடிக்கிற குடும்பம். ரிஸ்னாவின் வாப்பா கிண்ணியாவிலிருந்து டவுனுக்கு வந்து கடை போட்டவர். மயூரன் தாயோடும் அக்காவோடும் துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தவன். வாய் திறக்காத பிள்ளை. மற்றப் பிள்ளைகள் சொல்லை வாசித்து ரிக்கற் எடுக்கும்போது இவர்கள் நெளியக் கூடாது என்று ரீச்சர் ஒரு வழி கண்டிருந்தார். சீசன் ரிக்கற்காரர் வாசிக்கத் தேவையில்லை. வழியில் கண்ட ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும்.

"ஒரு மாமா சைக்கிள்ல கதவு கொண்டு போறார்" என்பான் கஜன்.

"ஆர் வீட்டுக் கதவு? பூட்டியிருந்ததோ, திறந்திருந்ததோ?" என்று ரீச்சர் கேட்பார். பிறகு அந்தச் சொல்லைப் பலகையில் எழுதுவார். 'கதவு'. அன்றைக்கு வகுப்பு முழுக்கக் கதவைத்தான் வாசிக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு அதில் பொறாமை. சீசன் ரிக்கற் கேட்டு ஒரு கெட்டிக்காரன் வீட்டில் அழுததாகத் தாய் வந்து சொன்னார்.

பஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம். புறப்பட முன் ரீச்சர் கேட்பார்:

"எல்லாரும் ஏறியாச்சோ?"

ஏறாதவர்களின் பேரைப் பிள்ளைகள் சொல்லவேண்டும். காய்ச்சல் என்று வீட்டார் அறிவித்திருந்தால் சரி. அறிவிக்காமல் ஓர் ஆள் வராவிட்டால் பஸ் வெளிக்கிடாது. என்ன, ஏது என்று காவலாளியை அனுப்பி விசாரித்த பிறகுதான் ஓடும். மழைநாட்களில் பத்து மணி வரைக்கும் நின்றிருக்கிறது. எனக்கு அது நேர விரயமாகத்தான் தெரிந்தது.

ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒரு குழு எங்கள் பாடசாலையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால் மாடிக் கட்டடம் கிடைக்கும். மாடிக் கட்டடம் என்றால் என்ன என்று அரைச்சுவர்களோடு காலம் தள்ளியவனுக்குத்தான் தெரியும். கட்டடத்தின் நெற்றியில் ஒரு கல், கல்லில் என் பேர் என்பதையும் நான் யோசித்திருந்தேன். இப்படிக் குழு வரும் நாளில் மெல்லக் கற்கும் பிள்ளைகளை வீட்டில் நிற்பாட்டுவது அந்தக் காலத்தில் அதிபர்மாருக்குள் வழக்கமாக இருந்தது. யாரும் அதைக் களவு என்று நினைத்ததில்லை. வீட்டைக் கூட்டுகிற மாதிரி ஒரு வேலை.

முதல்நாள் ரீச்சரைக் கூப்பிட்டேன். "அந்த மூண்டு பேரும் நாளைக்கு வரவேண்டாம். வயித்துக்குத்து எண்டு வீட்டில நிக்கட்டும்."

ரீச்சர் சிரித்தார். "மூண்டு பேருக்கும் ஒரே நாளில வயித்துக்குத்தோ சேர்? வாற ஆக்கள் முதல்ல எங்கட தண்ணித் தாங்கியைத்தான் திறந்து பாப்பினம்."

"பகிடியை விடுங்கோ."

"ஏலாது சேர். ஆக்களை இறக்கிப்போட்டு ஓடுற பஸ்ஸை நான் ஓட்டுறேல்ல." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் காதில் அது சிரிப்பாக விழவில்லை. ஓர் அதிபருக்கு மறுத்துச் சொன்னதாக விழுந்தது.

பின்னேரம் காவலாளியைக் கூப்பிட்டு மூன்று வீட்டுக்கும் அனுப்பினேன். "நாளைக்குப் பிள்ளையை அனுப்பவேண்டாமாம், ரீச்சர் சொன்னவ எண்டு சொல்லு." என் பேரைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ரீச்சர் பேரைச் சொன்னால் கேட்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் குழு வந்தது. வாசலில் தட்டில் வைத்திருந்த மூன்று மாலையில் பெரியதை அந்தக் கிழட்டு மான் தின்றுகொண்டிருந்தது. நான் கைகாட்டித் துரத்த, அது மாலையின் மிச்சத்தைக் கொம்பில் போட்டுக்கொண்டு, தனக்குத்தான் வரவேற்பு என்பதுபோல நிமிர்ந்து நின்றது. குழுவின் தலைவர் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர். "பரவாயில்லை அதிபர், வயசில மூத்தவருக்கு முதல் மாலை" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் இரண்டாம் வகுப்பு வாசலில் போனது.

"எல்லாரும் ஏறியாச்சோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை! மூண்டு பேர் ஏறேல்ல!"

"அறிவிச்சவையோ?"

"இல்லை!"

ரீச்சர் என்னை ஒருதரம் பார்த்தார். "அப்ப?"

"பஸ் வெளிக்கிடாது!" மண்டபமே சேர்ந்து கத்தியது. நாலாம் வகுப்பும் கத்தியது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ரீச்சர், பழுதோ?"

"பழுதில்லை சேர், பயணியள் வரேல்ல. போய் ஏத்திக்கொண்டுதான் வரவேணும்."

"நாங்களும் வரலாமோ?"

"வரலாம். ரிக்கற் எடுக்கவேணும். வழியில கண்ட ஒரு விஷயம் சொல்லுங்கோ."

அந்தப் பெரிய மனிதர் கொஞ்சம் யோசித்து, "மான் ஒண்டு மாலை போட்டுக்கொண்டு நிண்டது" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். "சீசன் ரிக்கற்!" என்று ரீச்சர் தீர்ப்புச் சொன்னார்.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குலுங்குகிறது. பிள்ளைகள் முன்னுக்கு நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட பஸ்ஸாக வாசலைத் தாண்டினார்கள். முன்னால் ரீச்சர், வாயால் ஹோர்ன். நடுவில் தலைவர், குனிந்து ஒரு சின்னப் பெண்ணின் தோளைத் தொட்டபடி. கடைசியில் நான். எனக்குப் பின்னால் மான். துறைமுக வீதியில் ஓட்டோக்கள் நின்றன. ஒரு பொலிஸ்காரர் என்ன ஏது என்று தெரியாமலேயே கையை நீட்டி வாகனங்களை மறித்தார். "எங்க போறியள்?" என்று ஒரு கடைக்காரர் கேட்க, "ஆள் ஏத்தப் போறம்!" என்று பஸ் முழுவதும் பதில் சொன்னது.

கஜன் கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்குக் கீழே இருந்தான். காலைப் பிடித்து இழுத்து ஏற்றினோம். மயூரனைத் தாய் சத்தமில்லாமல் முகம் கழுவி அனுப்பினார். ரிஸ்னா வீட்டு வாசலில்தான் பஸ் நின்றுபோனது.

"ரீச்சர் வரவேணாம் எண்டு சொன்னதெண்டு நேத்துக் காவலாளி வந்து சொன்னாரே!" என்றார் ரிஸ்னாவின் உம்மா. "இப்ப நீங்களே வந்து கூப்பிடுறீங்க. எங்கட புள்ள என்ன, மழை வந்தா விரிக்கிற, விட்டா மடக்கிற குடையா?"

ரீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். முழு பஸ்ஸும் அவரோடு திரும்பியது. தலைவரும் பார்த்தார். நான் துறைமுகத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கப்பல் நின்றது. அதை ஏதோ முதல் தடவை காண்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிழை நடந்துபோச்சு ராத்தா" என்றார் ரீச்சர். "பிள்ளையை ஏத்தி விடுங்கோ."

குழுவுக்கு எல்லாம் பிடித்துப்போனது. இப்படியொரு வகுப்பைத் தான் கண்டதில்லை என்று தலைவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆனால் ரிஸ்னா வீட்டு வாசலில் நடந்த கதை ஒழுங்கைகளில் வளர்ந்தது. படிக்காத பிள்ளைகளை ரீச்சர் ஒதுக்குகிறாவாம், பெரிய ஆக்கள் வந்தால் ஒளிக்கிறாவாம் என்று. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை ஒருவர் எழுப்பினார். அப்போதுதான் நான் எழும்பி, "ரீச்சர் ஏதோ அவசரத்தில சொல்லிட்டா. அவவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன். பிள்ளையள் எல்லாம் எங்களுக்கு ஒண்டுதான்" என்றேன். முன்வரிசையில் இருந்த ரீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

கிழமை முடிய முன் வேலையை விட்டு விலகுவதாக எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"இதென்ன ரீச்சர், சின்ன விஷயத்துக்கு? சனம் நாளைக்கு மறந்துபோகும்."

"சனத்துக்காக இல்லை சேர்." முதல் தடவையாக அவர் மெதுவாகக் கதைத்தார். "ரிஸ்னா கேட்டவ, ஏன் ரீச்சர் எங்களை இறக்கினீங்க எண்டு. நான் இறக்கேல்ல எண்டு சொன்னா, அப்ப ஆர் எண்டு கேப்பா. சேர் பொய் சொன்னவர் எண்டு ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்ல? நாளைக்கு அது இந்த வாசலுக்குள்ள எப்பிடி வரும்? ஓம் நான்தான் எண்டு சொன்னா நாளையில இருந்து நான் என்ன கேட்டாலும் வாய் திறக்காது. ஒண்டும் சொல்லாம நிண்டனான். பதில் சொல்லாம அந்தப் பிள்ளைக்கு முன்னால ஒவ்வொரு நாளும் நிக்க என்னால ஏலாது."

நான் சொல்லியிருக்கலாம். நாளைக்கே வகுப்புக்கு வந்து நான் சொல்கிறேன் என்று ஒரு வசனம். அதற்குப் பதிலாக, "யோசிச்சுச் செய்யுங்கோ" என்றேன்.

அவர் போனார். காரணம் கேட்டவர்களுக்குக் குடும்பக் காரணம் என்றேன். மாடிக் கட்டடம் வந்தது. கல்லில் என் பேர் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள்.

இளைப்பாறிய அதிபர்கள் நாங்கள் சிலர் பின்னேரங்களில் கடற்கரையில் கூடுவோம். டவுன் ஆரம்பப் பாடசாலைகளில் நல்ல ஆசிரியர்கள் ஏன் நிற்கிறார்களில்லை என்பது எங்களுக்குப் பிடித்த கதை. சம்பளம் காணாது என்பார் ஒருவர். ஒரு வகுப்புக்குள் அடைக்கும் பிள்ளைகளின் தொகை என்பார் இன்னொருவர். வருகிற ஆட்களுக்கு மாலை போட்டே ஆண்டு முடிகிறது, படிப்பிக்க எங்கே நேரம் என்பார் மற்றவர். எல்லாம் உண்மை. நானும் தலையாட்டுவேன். போன வருடம் ஒருநாள் எனக்குத் தலையாட்ட முடியவில்லை. "ஒரு ஆள் என்னால போனவ" என்றேன். அவர்கள் நான் கடலை வாங்கித் தரச் சொன்னதாக நினைத்துக் கடலைக்காரனைக் கூப்பிட்டார்கள். வயது போனவர்களின் காது அப்படி.

ஆசிரியர் தினத்துக்கு அதே பாடசாலையில் என்னைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். இதுதான் நேரம் என்று தீர்மானித்தேன். மாடி மண்டபத்தில், ஒலிபெருக்கியில், நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ரீச்சர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். பொய் என்னுடையது" என்றேன். சபை பலமாகக் கைதட்டியது. பிரதம விருந்தினர் மூச்சுவிட இடைவெளி கொடுத்தால் எங்கள் ஊரில் கைதட்டுவார்கள். பிறகு ஒருவர் நன்றியுரையில், "சேரின் தாழ்மை எங்களுக்கு எல்லாம் ஒரு பாடம்" என்றார். எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். மன்னிப்புக் கேட்டு இரண்டாம் தடவையும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பொன்னாடையை அலுமாரிக்குள் எறிந்துவிட்டு மறுநாள் நிலாவெளி பஸ் ஏறினேன். ரீச்சர் அங்கே கணவரின் வீட்டாரோடு ஒரு சின்ன விருந்தினர் விடுதியும், தீவு பார்க்கப் போகும் வள்ளங்களும் நடத்துகிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். இடம் தேடத் தேவைப்படவில்லை. பஸ்ஸால் இறங்கும்போதே சத்தம் கேட்டது.

"பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ! முன்னுக்கு எல்லாரும் இருந்தா வள்ளம் மூக்குக் குத்தும்!" அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார். உயிர்காப்பு அங்கி மாட்டிய வெள்ளைக்காரர்கள் பயந்து பின்னுக்குப் போனார்கள்.

என்னைக் கண்டதும், "அட, சேர்!" என்றார். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை. நான் வெயிலில் நின்றபடி, பாடமாக்கி வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கு என்னத்துக்குச் சொல்லுறியள்? அந்த மூண்டு பேரிட்டயும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அப்ப பஸ் வெளிக்கிடாது சேர்." வள்ளத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். தேத்தண்ணி கேட்கவில்லை.

எழுபது தாண்டிய வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் சவரம் செய்து, சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு ஆள் தேடப் புறப்படுவேன். மனைவி, "கலியாணம் பேசவோ போறியள்?" என்று கேட்பார்.

கஜன் எளிதாக அகப்பட்டான். கடற்கரையில் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "என்ன சேர் நீங்கள்! அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை எண்டு அப்பாவோட கடலுக்குப் போகப் பாத்தனான். ரீச்சரெல்லோ காலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவ! மன்னிப்பை அவ கேக்கட்டும்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு பின்னால் கூப்பிட்டான். "சேர், அப்ப அவ எங்களை வேண்டாம் எண்டு சொல்லேல்லத்தானே?"

"சொல்லேல்ல."

"சரி" என்றான். திரும்பி இயந்திரத்தைப் பார்த்தான். மறுபடி, "சரி" என்றான்.

ரிஸ்னா டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. "அதெல்லாம் மறந்துட்டன் சேர்" என்றாள், என் இருமல் மருந்தைப் பையில் போட்டபடி. பிறகு பையைத் தராமலே நின்றாள். "மறக்கல்ல. அண்டைக்குப் புதுச் சட்டை உடுத்திருந்த. உம்மா கழட்டச் சொன்ன." நான் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே கைப்பேசியை எடுத்து, லௌட்ஸ்பீக்கரில் போட்டு, உம்மாவிடம் சொன்னாள். உம்மா கடை முழுக்கக் கேட்க எனக்கு ஏசினார். மாத்திரை வாங்க வந்தவர்கள் மாத்திரையை மறந்துவிட்டு நின்றார்கள். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான பதில் அதுதான். நடுவில் மூச்சு வாங்கி, "சேர் இன்னும் ஈக்கிறாரா அங்க?" என்று கேட்டார். "ஈக்கிறார்" என்றாள் ரிஸ்னா. மறுபடி தொடங்கினார்.

மயூரன் ஊரில் இல்லை. அக்காவைக் கண்டுபிடித்தேன். தம்பி கட்டாரில் கட்டட வேலை என்று சொல்லி எண் தந்தார். அழைப்பெடுத்தேன், மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு தயக்கமான குரல் வந்தது: "சேர், வேலையில நிக்கிறன். வெள்ளிக்கிழமை லீவு. அண்டைக்குக் கோல் எடுங்கோ."

இதை ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். "இஞ்ச வந்து எடுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை நிலாவெளியில் எனக்குக் கதிரை போட்டார்கள். தேத்தண்ணியும் வந்தது. கரையில் வள்ளம் நிறைய ஆட்கள் ஏறிப் புறப்படத் தயாராக இருந்தார்கள். கைப்பேசியை லௌட்ஸ்பீக்கரில் போட்டு, மயூரன் எடுத்ததும் நான் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை பாடமாக்கவில்லை, குழறித்தான் சொன்னேன்.

"ரீச்சர் பக்கத்தில நிக்கிறாவோ?" என்று கேட்டான்.

ரீச்சர் என் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"தம்பி, சீசன் ரிக்கற் வைச்சிருக்கிறியோ?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு.

"ஓம் ரீச்சர்."

"அப்ப வழியில கண்டதைச் சொல்லு."

அவன் சொல்லத் தொடங்கினான். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. ஒரு கிரேன் உச்சியில் புறா கூடு கட்டியிருந்ததாம். அதைக் கலைக்கக் கூடாது என்று கிரேன்காரன்... அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. ரீச்சர் லௌட்ஸ்பீக்கரை நிற்பாட்டிக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆர் கூடு? குஞ்சு இருந்ததோ?" என்று கேட்டபடி கடலோரமாக நடக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மன்னிப்புக்குப் பதில் சொல்லவும் இல்லை. என் கைப்பேசியும் அவரிடம்தான். சிரிப்பு மட்டும் காற்றில் வந்துகொண்டிருந்தது, மண்டபத்தைச் சரிய வைத்த அதே சிரிப்பு.

வள்ளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் வெயிலில் சிவந்துபோய், எல்லாரும் ஏறி எவ்வளவு நேரம், ஏன் இன்னும் புறப்படவில்லை என்று என்னிடம் கேட்டார்.

நான் எழும்பி, எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், இன்னும் ஓர் ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.